துப்பாக்கிக்கும் சுழிப்பிழை உண்டு

ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்தவுடன் நாம் முதலில் என்ன செய்கிறோம்? இரு தாடைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, வெர்னியர் கோலின் சுழி முதன்மைக் கோலின் சுழியோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். பொருந்தாவிட்டால் கருவிக்குச் சுழிப்பிழை இருக்கிறது என்கிறோம். பிழையின் அளவைக் குறித்துக்கொண்டு ஒவ்வோர் அளவீட்டிலும் திருத்தம் செய்கிறோம்.

துப்பாக்கிக்கும் இத்தகைய சுழிப்பிழை உண்டு. அதன் மீதுள்ள இரும்புக் குறிகள் ஓர் இடத்தைக் காட்டும்; குண்டு வேறோர் இடத்தில் படும். இதைத் திருத்துவதற்கென்றே சில எளிய கருவிகள் உள்ளன. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருவிகளுக்குள் திருகு, உராய்வு, வடிவொத்த முக்கோணங்கள், பிழைக் கணக்கு என்று நம் இயற்பியல் பாடத்தின் ஒரு பகுதியே அடங்கியிருக்கிறது. அவற்றைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

பயிற்சிக் களத்தில் ஒரு பாடம்

நான் கல்லூரியில் படித்தபோது தேசிய மாணவர் படையில் இருந்தேன். ஒரு முகாமில் .22 ரைபிளால் சுடும் பயிற்சி நடந்தது. ஆளுக்கு ஐந்து குண்டுகள். எங்கள் ஹவில்தார் பக்கத்தில் நின்று, தொலைநோக்கியில் பார்த்து, ஒவ்வொரு குண்டும் எங்கே பட்டது என்று சொல்லிவந்தார்.

என் முதல் குண்டு இடப்புறம் கீழே பட்டது. உடனே நான் அடுத்த குண்டுக்கு வலப்புறம் மேலாகக் குறி வைத்தேன். அது வலப்புறம் தொலைவில் போய் விழுந்தது. மறுபடி இடப்பக்கம் திருத்தினேன். ஐந்து குண்டுகளும் முடிந்தபோது என் தாளில் துளைகள் நான்கு மூலைகளையும் நோக்கிச் சிதறிக் கிடந்தன.

அதே ரைபிளை அடுத்து எடுத்த நண்பன் எதையும் மாற்றவில்லை. ஐந்து முறையும் நடுப்புள்ளிக்கே குறி வைத்தான். ஐந்து துளைகளும் இடப்புறம் கீழே, ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தால் மூடக்கூடிய இடத்தில் விழுந்திருந்தன. ஒரு குண்டுகூட நடுவில் படவில்லை. அவனுக்குத்தான் திட்டு விழும் என்று நினைத்தேன்.

ஹவில்தார் இரண்டு தாள்களையும் அருகருகே பிடித்துக் காட்டினார். "தம்பி, இவன் சரியாகத்தான் சுட்டிருக்கிறான். பொய் சொல்வது ரைபிள். ஒரே பொய்யையே ஐந்து தடவையும் சொல்லியிருக்கிறது, அதனால் திருத்திவிடலாம். உன் தாளில் யார் பொய் சொன்னார்கள் என்றே கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

இன்று ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குப் பிழைகளைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அந்த இரண்டு தாள்களும் என் நினைவுக்கு வருகின்றன.

இரண்டு இரும்புக் குறிகள்

ரைபிள் குழலின் முன்முனையருகே மெல்லிய முளையோ தகடோ ஒன்று நிற்கும். இது முன்குறி. கண்ணுக்கு அருகே ஒரு வெட்டு உள்ள தகடோ, சிறு துளையோ இருக்கும். இது பின்குறி. பின்குறியின் நடுவில் முன்குறி தெரியுமாறும், முன்குறியின் நுனி இலக்கைத் தொடுமாறும் ரைபிளைப் பிடிப்பதே குறி பார்த்தல். கண், பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய நான்கும் ஒரே நேர்க்கோட்டில் அமைகின்றன. இதைக் குறிக்கோடு என்று அழைப்போம்.

குண்டோ இக்கோட்டில் செல்வதில்லை. அது குழலின் அச்சில் புறப்படுகிறது. புறப்பட்ட கணத்திலிருந்தே புவியீர்ப்பால் கீழே விழத் தொடங்குகிறது. எடுத்துக்காட்டாக, கலாஷ்னிகோவ் குடும்பத்தைச் சேர்ந்த ஏ.கே.எம். ரைபிளைப் பார்ப்போம். சோவியத் படை இதை 1959-இல் ஏற்றுக்கொண்டது. இதன் குண்டு விநாடிக்கு 715 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. காற்றுத் தடையை விட்டுவிட்டால் 100 மீட்டரைக் கடக்க 0.14 விநாடி ஆகும். அந்நேரத்தில் ½gt² என்ற சமன்பாட்டின்படி குண்டு 9.6 செ.மீ. தாழ்ந்துவிடும். காற்றுத் தடையையும் சேர்த்தால் இது சற்றுக் கூடும். எனவே குழல் குறிக்கோட்டைவிட மிகச் சிறிய கோணத்தில் மேல்நோக்கி இருக்க வேண்டும். இந்தக் கோணத்தைத் தீர்மானிப்பவை குறிகளின் உயரங்களே.

ஒரு மில்லிமீட்டரின் விலை

ஏ.கே.எம். ரைபிளில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தொலைவு 378 மி.மீ. முன்குறி தன் சரியான இடத்திலிருந்து 1 மி.மீ. விலகியிருந்தால் என்ன ஆகும்?

பின்குறியை உச்சியாகக் கொண்ட இரு வடிவொத்த முக்கோணங்களை வரைந்து பாருங்கள். சிறிய முக்கோணத்தின் நீளம் 378 மி.மீ.; அகலம் 1 மி.மீ. பெரிய முக்கோணத்தின் நீளம் 100 மீட்டர், அதாவது 1,00,000 மி.மீ. அதன் அகலம் 1,00,000 ÷ 378, ஏறக்குறைய 264 மி.மீ. ஆக, குறியில் ஒரு மில்லிமீட்டர் என்பது 100 மீட்டர் தொலைவில் 26 செ.மீ.! ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு தாளின் தடிப்பு அளவு விலகினாலும், குண்டு 2.6 செ.மீ. தள்ளிப் படும்.

எந்தத் தொழிற்சாலையாலும் குழலையும் குறிகளையும் இவ்வளவு நுட்பமாக, முதல் முயற்சியிலேயே பொருத்திவிட முடியாது. எனவே குறிகளை நகர்த்தக்கூடியவையாக அமைத்து, சுட்டுப் பார்த்துத் திருத்துகிறார்கள். குறிகளுக்கு இடையிலுள்ள தொலைவு கூடினால் இந்தப் பெருக்கம் குறையும் என்பதையும் கவனியுங்கள். நீண்ட ரைபிளால் குறிபார்ப்பது எளிதாக இருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

எந்தப் பக்கம் நகர்த்துவது?

குண்டு வலப்புறம் பட்டால் முன்குறியை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும்? "இடப்பக்கம்" என்றுதான் பலரும் விடை சொல்வார்கள். அது தவறு. முன்குறியை வலப்பக்கமே நகர்த்த வேண்டும்!

காரணம் எளிது. முன்குறியை வலப்பக்கம் நகர்த்திவிட்டீர்கள். இப்போது அதை மீண்டும் இலக்கின் மேல் கொண்டுவர வேண்டுமானால், ரைபிளின் முனையை இடப்பக்கம் திருப்பியாக வேண்டும். குழல் இடப்பக்கம் திரும்பினால் குண்டும் இடப்பக்கம் செல்லும். உயரத்திற்கும் இதே விதிதான். குண்டு தாழ்வாகப் பட்டால் முன்குறியைத் தாழ்த்த வேண்டும். உயரப் பட்டால் உயர்த்த வேண்டும். சுருங்கச் சொன்னால், முன்குறி குண்டைப் பின்தொடர வேண்டும். பின்குறிக்கு விதி இதற்கு நேர்மாறானது: குண்டு செல்ல வேண்டிய பக்கம் பின்குறியை நகர்த்த வேண்டும்.

சுத்தியலா, திருகா?

பல ரைபிள்களில் முன்குறி ஒரு குறுக்குக் காடியில் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். அடி அகன்று மேற்பக்கம் குறுகிய இந்தக் காடியைத் தச்சர்களின் புறாவால் மூட்டோடு ஒப்பிடலாம். குறி தானாக நகர்ந்துவிடக் கூடாது என்பதால் பொருத்தம் மிக இறுக்கமாக இருக்கும். விரலால் தள்ளினால் அசையாது.

இதை நகர்த்தும் பழைய முறை, பித்தளைக் கம்பி ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துச் சுத்தியலால் தட்டுவது. பித்தளை எஃகைவிட மென்மையானது. எனவே அடிபட்டுத் தழும்பாவது பித்தளைதான், குறி அன்று. ஆயினும் இம்முறையில் ஒரு தொல்லை உண்டு. நிலை உராய்வு இயக்க உராய்வைவிட அதிகம் என்பதை நாம் படித்திருக்கிறோம். மெல்லத் தட்டினால் குறி அசைவதில்லை. சற்று ஓங்கித் தட்டியவுடன் நிலை உராய்வு முறிந்து, குறி சட்டென்று நழுவி, வேண்டிய இடத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. மேசையின் இறுகிய இழுப்பறையை வெடுக்கென்று இழுத்தவர்களுக்கு இது புரியும். சுத்தியல் விசையைத்தான் தருகிறது. எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதை அதனால் கட்டுப்படுத்த முடியாது.

இங்கேதான் திருகு துணைக்கு வருகிறது. ஏ.கே.எம். ரைபிளுக்குரிய குறிநகர்த்தும் கருவி, தச்சர் பயன்படுத்தும் 'சி' வடிவப் பிடிப்பானைப் போன்றது. அந்த ரைபிளில் முன்குறி முளை ஒரு சிறு உருளையில் நிற்கிறது. அந்த உருளை, தாங்கியில் குறுக்காகத் துளைத்த துளைக்குள் இறுக்கமாகச் செருகப்பட்டுள்ளது. கருவியைத் தாங்கியின் மேல் பொருத்தித் திருகினால், திருகின் முனை உருளையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது.

திருகின் புரியிடைத் தூரம் 1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழுச் சுற்றுக்கு உருளை 1 மி.மீ. நகரும், கால் சுற்றுக்குக் கால் மி.மீ., அதாவது 100 மீட்டரில் ஆறரை செ.மீ. உராய்வு எவ்வளவாயினும் இந்தத் தூரம் மாறாது. விசையும் குறையாது. கைப்பிடியின் ஆரம் 3 செ.மீ. என்றால், கை ஒரு சுற்றில் 188 மி.மீ. பயணம் செய்கிறது; முனை 1 மி.மீ. நகர்கிறது. உராய்வில்லாத நிலையில் விசை 188 மடங்காகப் பெருகும். உண்மையில் திருகின் உராய்வு இதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். எஞ்சியதே இறுகிய உருளையை அசைக்கப் போதுமானது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இக்கருவி தள்ளும், இழுக்காது. சற்று அதிகமாகத் தள்ளிவிட்டால், கருவியைக் கழற்றி மறுபக்கம் மாட்டி எதிர்த்திசையில் தள்ள வேண்டும். எனவே தேவையான தூரத்தில் பாதிக்குத் தள்ளி, பார்த்து, பிறகு மீதியைத் தள்ளுவதே அறிவுடைமை.

முளையை ஏற்றி இறக்கும் சாவி

உயரத் திருத்தத்தை ஒவ்வொரு நாட்டினரும் ஒவ்வொரு வகையில் தீர்த்துக்கொண்டனர். நம் நாட்டுக் காவலர்கள் நெடுங்காலம் தோளில் சுமந்த 'த்ரீ நாட் த்ரீ' லீ-என்ஃபீல்டு ரைபிளில், முன்குறித் தகட்டையே கழற்றி வேறு உயரமுள்ள தகட்டை மாட்டினார்கள். இத்தகடுகள் 0.015 அங்குலப் படிகளில், அதாவது ஏறத்தாழ 0.38 மி.மீ. படிகளில், பல உயரங்களில் கிடைத்தன. ஆயுதப் பழுதுநீக்குபவரிடம் தகட்டை நகர்த்த ஒரு திருகுப் பிடிப்பானும், இந்தத் தகடுகளும் இருக்கும்.

ஏ.கே.எம்.-இல் முளைக்கே மரை உண்டு. துப்புரவுக் கருவிகளோடு வரும் சிறிய திருப்புளியின் ஒரு முனையில் ஒரு வெட்டு இருக்கும். அதை முளையின் மேல் பொருத்தித் திருகினால் முளை ஏறும் அல்லது இறங்கும். ஒரு முழுச் சுற்று 100 மீட்டரில் குண்டை 20 செ.மீ. மாற்றும் என்று சோவியத் கையேடு கூறியது. இதிலிருந்து மரையின் புரியிடைத் தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய முக்கால் மி.மீ. என்று விடை வரும்.

அமெரிக்க எம்-16 ஏ1 ரைபிளில் தனிக் கருவியே தேவைப்படவில்லை. ஒரு சிறு வில்லால் தாங்கப்பட்ட முள் முன்குறியைப் பூட்டி வைத்திருக்கும். தோட்டாவின் கூர்முனையால் அந்த முள்ளை அமுக்கியபடியே முளையைத் திருப்பலாம். போர்வீரனிடம் எப்போதும் இருக்கும் பொருளே கருவியாகிவிட்டது! ஒரு சுற்றில் ஐந்து நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் 'கிளிக்' என்று முள் விழும். 100 மீட்டரில் குண்டு 2.8 செ.மீ. மாறும். திருகு அளவிக்கு மீச்சிற்றளவு இருப்பது போல, இந்தக் குறியின் மீச்சிற்றளவு 2.8 செ.மீ. என்று சொல்லலாம். அதைவிட நுண்ணிய திருத்தம் இதில் இயலாது.

திருத்தும் முன் நான்கு குண்டுகள்

கருவி கையில் இருக்கிறது; எந்தப் பக்கம், எவ்வளவு திருக வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் எப்போது திருக வேண்டும்? இதுவே இக்கட்டுரையின் மையக் கேள்வி.

ஏ.கே.எம். ரைபிளைச் சரிபார்க்கும் சோவியத் முறையைப் பாருங்கள். பின்குறியை 300 மீட்டர் நிலையில் வைத்து, 100 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கின் ஒரே புள்ளிக்குக் குறிபார்த்து நான்கு குண்டுகள் சுட வேண்டும். இந்த நிலையில் குண்டுகள் குறிபார்த்த புள்ளிக்கு 25 செ.மீ. மேலே படுவதே சரியானது. ஏனெனில் குண்டு 300 மீட்டரில் குறிக்கோட்டை வந்தடைவதற்காக இடைவழியில் உயர்ந்து செல்கிறது.

இப்போது முதல் கேள்வி: நான்கு துளைகளும் 15 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்குகின்றனவா? ஒன்று மட்டும் விலகினால் மற்ற மூன்றும் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கருவியைத் தொடக்கூடாது. மீண்டும் சுட வேண்டும். அடங்கினால், துளைகளின் சராசரிப் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து 5 செ.மீ.-க்குமேல் விலகியிருந்தால் மட்டுமே திருத்தம். சராசரிப் புள்ளி 13 செ.மீ. இடப்புறம் இருந்தால் உருளையை அரை மி.மீ. இடப்புறம் தள்ளுவார்கள். மீண்டும் சுட்டுப் பார்த்து, சரியானவுடன் உருளையிலுள்ள பழைய கோட்டை அழித்துப் புதிய கோடு பொறிப்பார்கள்.

இதன் உட்பொருள் என்ன? நம் பாடநூல் பிழைகளை இரு வகையாகப் பிரிக்கிறது. எப்போதும் ஒரே பக்கம் இழுப்பது முறையான பிழை. அங்கும் இங்குமாகச் சிதறுவது ஒழுங்கற்ற பிழை. குறி இடம் மாறியிருப்பது முதல் வகை. கை நடுக்கம், மூச்சு, தோட்டாவுக்குத் தோட்டா மாறும் மருந்தின் அளவு ஆகியவை இரண்டாம் வகை. திருகு முதல் வகையை மட்டுமே திருத்தும். இரண்டாம் வகையை உலகின் எந்தக் கருவியாலும் திருகித் திருத்த முடியாது. துளைகள் ஒன்றுகூடும் பரப்பு இரண்டாம் வகைப் பிழையின் அளவு. அந்தக் கூட்டத்தின் நடு எங்கே இருக்கிறது என்பது முதல் வகைப் பிழையின் அளவு. நான்கு குண்டுகளின் சராசரி, தனி ஒரு குண்டைவிட இரு மடங்கு நம்பத்தக்கது. ஏனெனில் சராசரியின் சிதறல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கப்படுகிறது.

துரத்தினால் என்ன ஆகும்?

இனி, என் தாள் ஏன் அப்படி ஆயிற்று என்று பார்ப்போம். குறி முற்றிலும் சரியாக இருக்கும் ஒரு ரைபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குண்டு, வெறும் சிதறலால், 3 செ.மீ. இடப்புறம் படுகிறது. நான் பதறி, 3 செ.மீ. வலப்புறம் திருத்துகிறேன். இரண்டாவது குண்டுக்கு அதற்கே உரிய சிதறல் உண்டு. அதோடு நான் புகுத்திய 3 செ.மீ. பிழையும் சேர்ந்துகொள்கிறது. அதாவது ஒவ்வொரு குண்டிலும் அதன் சொந்தச் சிதறலும் முந்தைய குண்டின் சிதறலும் கலந்துவிடுகின்றன. இரு தனித்தனிச் சிதறல்கள் சேரும்போது அவற்றின் வர்க்கங்களே கூடுகின்றன. எனவே மொத்தச் சிதறல் √2 மடங்கு, அதாவது ஏறக்குறைய 1.4 மடங்காகிறது. ஒன்றுமே செய்யாமல் இருந்தவனைவிட, ஓயாமல் திருத்தியவன் மோசமாகச் சுடுகிறான்!

நீங்களே செய்து பாருங்கள்

இதற்குத் துப்பாக்கி தேவையில்லை. உரிமம் இல்லாமல் அதைத் தொடவும் கூடாது. ஒரு நீண்ட மரச்சட்டம், இரண்டு குண்டூசிகள், ஒரு சிறிய லேசர் விளக்கு போதும். ஊசிகளைச் சட்டத்தின் மேல் 50 செ.மீ. இடைவெளியில் நேராகக் குத்துங்கள், இவை குறிகள். லேசர் விளக்கைச் சட்டத்தோடு இறுகக் கட்டுங்கள், இது குழல். பின் ஊசியிலிருந்து 5 மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் ஒரு புள்ளி வையுங்கள். இரு ஊசிகளும் புள்ளியும் ஒரே கோட்டில் தெரியுமாறு சட்டத்தை வைத்து, சுவரில் லேசர் ஒளி விழும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன் ஊசியைப் பிடுங்கி 1 மி.மீ. வலப்புறம் குத்தி, மீண்டும் குறிபாருங்கள். ஒளி 10 மி.மீ. இடப்புறம் நகர்ந்திருக்கும். ஒரே அமைப்பில் பத்து முறை குறிபார்த்துப் பத்துப் புள்ளிகளையும் குறித்தால், உங்கள் சொந்தச் சிதறல் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். லேசர் ஒளியை யார் கண்ணிலும் படவிடாதீர்கள். எதிரில் கண்ணாடியோ பளபளப்பான பொருளோ இருக்கக் கூடாது.

ஒரே குண்டு போதுமா?

2008 ஆகஸ்ட் 11 அன்று பீஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்று ரைபிள் போட்டி நடந்தது. இப்போட்டியில் தொலைநோக்கி பொருத்த அனுமதி இல்லை, துளையுள்ள குறிகளே. இறுதிச் சுற்றுக்கு முன் சரிபார்ப்பதற்காகத் தாம் சுட்ட முதல் குண்டு, பத்துக்குப் பதிலாக நான்கு புள்ளி வளையத்தில் விழுந்ததாக அபினவ் பிந்த்ரா பின்னர் எழுதினார். அதாவது நடுவிலிருந்து ஒன்றரை செ.மீ.-க்கும் மேல் விலகல். குறிகளுக்கு இடையே முக்கால் மீட்டர் என்று கொண்டால், குறி ஒரு மி.மீ.-க்குச் சற்று அதிகமாக இடம் மாறியிருந்தது என்று பொருள். எஞ்சியிருந்த சில நிமிடங்களில் அவர் குறியைத் திருத்திக்கொண்டார். அன்று அவர் வென்றது, ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் தங்கம்.

நான்கு குண்டுகள் சுடாமல் திருத்தக்கூடாது என்றோமே, இவர் ஒரு குண்டைக் கண்டதும் குறியைச் சந்தேகித்தது எப்படிச் சரியாகும்? இங்குதான் நுட்பம் இருக்கிறது. பல்லாண்டுப் பயிற்சியால் தம் சிதறல் எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். அவருடைய குண்டுகள் பெரும்பாலும் பத்திலும் சில ஒன்பதிலும் விழுபவை. அத்தகையவருக்கு நான்கு என்பது சிதறலாக இருக்கவே முடியாது. அது குறியின் பிழைதான். நான் முகாமில் ஒரு குண்டைப் பார்த்துத் திருத்தியதும் ஒரு குண்டுதான். ஆனால் என் சிதறலை நான் அறியவில்லை.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீடு மற்றவற்றோடு ஒத்துவராதபோது, அதை அடித்துவிட்டு 'சரியான' எண்ணை எழுதக் கை துடிக்கும். சற்று நில்லுங்கள். அதே அளவீட்டை இன்னும் நான்கு முறை எடுங்கள். எல்லாம் ஒரே பக்கம் விலகினால் கருவியைத் திருத்துங்கள். அங்குமிங்கும் சிதறினால் சராசரி எடுத்து, சிதறலையும் மறைக்காமல் எழுதுங்கள். திருகு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைக் கணக்கு சொல்லிவிடும். அதைத் திருப்பலாமா வேண்டாமா என்பதை, பொறுமையாக எடுத்த அளவீடுகள்தாம் சொல்ல வேண்டும்.